மூச்சை விட்டு ஒரு படம்

மின்னூர்
6.2.2024

கருவாயா,

நல்லா இருக்கியா என்று கேட்க மாட்டேன். ஜெயிலில் இருக்கிறவனிடம் அதைக் கேட்டால் உனக்குக் கோபம்தான் வரும். இந்தக் கடிதத்தை உங்கள் ஆபீசில் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். போனில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பாதி நான் அழுவதற்கே போய்விடுகிறது. எட்டாவது வரை படித்த கை. தப்பு இருந்தால் சிரிக்காதே.

பென்னிக்கு இருமல் நிற்கவில்லை. பொங்கலுக்கு உன்னைப் பார்க்கக் கூட்டி வந்தபோது நீயே கேட்டாய், "இன்னாடி, நெஞ்சுக்குள்ள விசில் வெச்சிருக்கியா?" என்று. அந்த விசில் இன்னும் இருக்கிறது. மூச்சை விடும்போது கீச்சென்று கேட்கிறது. ஏழு வயசுப் பிள்ளைக்கு போன வருஷத்துப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஊக்கு குத்தி அனுப்புகிறேன்.

ஆம்பூரில் பிள்ளைகள் டாக்டரிடம் காட்டினேன். எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரே எடுக்கிறவர் ஹஸன் பாய், தாடி நரைத்தவர். பலகைக்கு முன்னால் நிறுத்தி, மோவாயைத் தூக்கி வைத்து, "பாப்பா, மூச்சை இழு, புடி, புடி, புடி" என்றார். அவள் கண்ணை உருட்டிக்கொண்டு பிடித்தாள். "சபாஷ்! பெரியவங்களே இவ்ளோ நேரம் புடிக்க மாட்டாங்க. சின்னப் பசங்க படம்னா நாலு வாட்டி எடுக்கணும், ஆடிக்கினே இருக்கும்" என்றார். இவள் சொல்கிறாள், "எனக்கு வாயை மூடிக்கத் தெரியும்." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

படத்தைப் பார்த்த டாக்டர், "ஏதாவது வாய்ல போட்டு முழுங்கினாளாம்மா? கடலை, மணி, பட்டன்?" என்று கேட்டார். மணி என்றதும் எனக்குத் திக்கென்றது. நான் வீட்டில் ஷூவுக்கு மணி வைத்துத் தைக்கிறது உனக்குத் தெரியும். ஏஜென்ட் முஸம்மில் பாய் ஷூ மூட்டையைக் கொண்டு வந்து போடும்போதே சொல்லிவிடுவார், "பசங்க கை படக்கூடாது, பட்டுதுன்னு தெரிஞ்சா எனக்கும் வேலை இல்ல, உனக்கும் இல்ல" என்று. ஷூ கம்பெனி ஆட்களுக்கும் இதே டாக்டர்தான். "எங்க வீட்ல அதெல்லாம் இல்ல சார்" என்றேன். அவர் பென்னியையும் கேட்டார். அவளும் இல்லை என்று தலையாட்டினாள்.

வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்றும் கேட்டார். இல்லை என்றேன். ஆனாலும் பெரியவர்கள் இரண்டு பேரும் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டுமாம். சின்னப் பிள்ளைக்கு டிபி வந்தால் அது பெரியவர்களிடமிருந்துதான் வருமாம். உங்கள் டாக்டரிடம் சொல். உனக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு வரி எழுது. அது போதும்.

மெர்சி


வேலூர் சிறை
15.2.2024

மெர்சிம்மா,

அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை.

போன மாதமே இங்கே எக்ஸ்ரே வண்டி வந்தது. எல்லோரையும் சட்டையைக் கழற்றச் சொல்லி வரிசையில் நிறுத்தி எடுத்தார்கள். என் படத்தை மட்டும் தனியே வைத்தார் டாக்டர். "மேல பார், இது பழைய தழும்பு. எப்ப வந்துச்சு?" என்றார். ஒன்றும் வந்ததில்லை ஐயா என்றேன். "நீ இல்லன்னு சொன்னா தழும்பு போயிடுமா?" என்றார். சளியை டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். கிருமி இல்லை என்று வந்துவிட்டது. அதனால் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பத்தொன்பது வயசில் டிபி இருந்தது. அப்போது பேரணாம்பட்டில் தோல் ஷெட்டில் வேலை. ரத்தமாக இருமினேன். ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். நான் பெங்களூரில் இருக்கிறேன் என்று அம்மா ஊரில் சொல்லி வைத்தாள். பெண் பார்க்க வந்தபோது சொல்லியிருந்தால் உங்கள் அப்பா உன்னைக் கொடுத்திருப்பாரா? அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் என்று ஒரு நாள் வரவே இல்லை.

குடித்துவிட்டு லாரியை ஓட்டி பள்ளிகொண்டா பைபாசில் ஒரு மனுஷனைக் கொன்றேன். அதற்கு இரண்டு வருஷம் கொடுத்தார்கள். என் பிள்ளை நெஞ்சில் இதை வைத்ததற்கு எத்தனை வருஷம் கொடுப்பார்கள்? டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல். என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள். முதலில் அவளுக்கு மருந்து ஆரம்பி.

ஜோசுவா


மின்னூர்
24.2.2024

ஜோசுவாவுக்கு,

சொன்னேன். உன் தழும்பைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். "அப்ப சரிம்மா, இது பிரைமரி காம்ப்ளெக்ஸ்தான், பசங்களுக்கு வர்ற டிபி. ஆறு மாசம் விடாம கொடுக்கணும்" என்றார். சுகாதார நிலையத்திலிருந்து ஒரு அக்கா வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறேன். மூத்திரம் ஆரஞ்சாகப் போகிறது. அதைப் பார்த்து முதல் நாள் பயந்து கத்தினாள்.

எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். என் நெஞ்சில் ஒன்றும் இல்லை. ஹஸன் பாய் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பத்து வருஷம் உன் பக்கத்தில் படுத்த என்னை அது தொடவில்லை. நேற்றுப் பிறந்ததைத் தொட்டிருக்கிறது.

குடித்துவிட்டு ஓட்டினாய், பொறுத்துக்கொண்டேன். ஊரில் என்னை ஜெயில்காரன் பொண்டாட்டி என்றார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். என் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்றாயே, எனக்கு வாய் இல்லையா? என்னிடம் கேட்டாயா? அவள் கைக்குழந்தையாக இருந்தபோது வாயோடு வாய் வைத்துக் கொஞ்சினாயே, அப்போதாவது உனக்குச் சொல்லத் தோன்றவில்லையா?

இனிமேல் அவளைக் கூட்டி வர மாட்டேன். நீயும் போன் போடாதே. பக்கத்து வீட்டு சௌமியாவிடம் போனைக் கொடுத்து உங்கள் ஜெயில் நம்பரை பிளாக் பண்ணச் சொல்லிவிட்டேன். அப்பா ஏன் பேசவில்லை என்று பென்னி கேட்டாள். போன் கெட்டுப்போச்சு என்று சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை.

மெர்சி


வேலூர் சிறை
10.3.2024

மெர்சிம்மா,

நீ எழுதியது அத்தனையும் எனக்கு வேண்டும். அதற்கு மேலும் திட்டு.

ஆனால் ஒரு தடவை கூட்டி வா. கம்பி வலைக்குப் பின்னால்தான் நிற்பேன். முகத்தில் துணி கட்டிக்கொள்கிறேன். அந்தத் தழும்பு ஒட்டாது என்று இங்கே டாக்டர் சொல்கிறார், வேண்டுமானால் அவரையே எழுதித் தரச் சொல்கிறேன். நான் பேசக்கூட வேண்டாம். அவள் நிற்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

போன தடவை நீ பரோல் விஷயமாக வார்டரிடம் பேசப் போனபோது அவள் வலையில் வாயை வைத்து என்னிடம் ஒரு ரகசியம் சொன்னாள். அம்மாகிட்ட சொல்லாதே என்று என் மேல் சத்தியம் வாங்கினாள். ஒன்றும் இல்லை, பிள்ளை விஷயம். அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டுதான் இங்கே என் நாள் போகிறது. என் பிள்ளைக்கு இன்னும் நான் தோஸ்த் என்று நினைத்துக்கொள்கிறேன்.

விசில் நின்றதா?

ஜோசுவா


வேலூர் சிறை
2.6.2024

மெர்சி,

மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. இருமல் நின்றதா, எடை ஏறியதா என்று ஒரு கார்டில் இரண்டே வார்த்தை எழுதிப் போடு. உன் பெயர்கூட எழுத வேண்டாம். உன் கையெழுத்து எனக்குத் தெரியும்.

ஜோசுவா


மின்னூர்
21.7.2024

கருவாயா,

கோபமெல்லாம் போய்விட்டது. கோபத்தை வைத்துக்கொள்ள உடம்பில் தெம்பு இல்லை.

அஞ்சு மாசம் முடிந்துவிட்டது. ஒரு நாள் மாத்திரை விடவில்லை. எடை ஏறவில்லை. ஜுரம் வருகிறது, போகிறது. பள்ளிக்கூடத்தில் மாடி ஏற முடியவில்லை என்று டீச்சர் கீழ் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார். சளியில் நாற்றம் அடிக்கிறது. மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். நம்ம போதகருக்குத் தெரிந்தால் என்னைச் சபையில் சேர்க்க மாட்டார். பரவாயில்லை. தர்காவிலும் ஓதி ஊதச் சொல்லிக் கூட்டி வந்தேன். யார் வேண்டுமானாலும் காப்பாற்றட்டும்.

வியாழக்கிழமை திரும்பவும் எக்ஸ்ரே. ஹஸன் பாய் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார்.

"வலது பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி கறுப்பா இருக்கும்மா."

"கறுப்புன்னா கெட்டதா பாய்?"

"கறுப்புன்னா காத்து. உள்ள போன காத்து வெளிய வர முடியலையோன்னு எனக்கு ஒரு டவுட். மூச்சை இழுத்துப் புடிச்சுதானே இதுவரைக்கும் எடுத்தோம். முழுசா வெளிய விட்டப்புறம் ஒரு படம் எடுத்தா தெரிஞ்சுடும். நானா எடுக்கக் கூடாது, நான் டாக்டரும் இல்ல. அவர் எழுதித் தரணும். போய்ட்டு வா, நான் சாப்பிடப் போகாம இருக்கேன்."

அப்புறம் குனிந்து பென்னியைக் கேட்டார். "ஏன் பாப்பா, எப்பவாச்சும் வாய்ல எதையாச்சும் போட்டு விளையாடினியா?"

இவள் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று, "நான் ஸ்கூலுக்குப் போவேன். ஹோம் ஒர்க் எழுதுவேன். ஷூவைத் தொட மாட்டேன்" என்றாள்.

"நான் ஷூவைக் கேக்கலியேம்மா?" என்று சிரித்தார் பாய்.

அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு ஆடிட் வருவதாக இருந்தது. ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, வீட்டில் தைக்கிற பெண்களைப் பார்க்க ஆள் அனுப்புவார்கள். பிள்ளைகளை வேலை வாங்குகிறோமா என்று பார்ப்பார்கள். அதற்காக ஒரு வாரமாக அந்த மூன்று வரியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தேன். இரண்டு வருஷமாகவே சொல்லிக் கொடுக்கிறேன். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லணும், டீச்சர் கேட்டாலும், டாக்டர் கேட்டாலும் என்று. அவள் அதை அவருக்குச் சொல்லிவிட்டாள். நான் தோளில் கிள்ளினேன்.

டாக்டரிடம் திரும்பப் போனால் வரிசையில் மூணு மணி ஆகிவிடும். நாளைக்கு வருகிறேன் பாய் என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துவிட்டேன்.

ஆடிட்டுக்கு ஒரு அம்மா வந்தார்கள், நோட்டும் பேனாவுமாக. யூனிபார்மோடு பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள் பென்னி. "அம்மாக்கு ஹெல்ப் பண்ணுவியாடா?" "இல்ல மேடம்." "ஒரு வாட்டிகூட?" "தொட்டா கை அழுக்காயிடும் மேடம்." அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாக்லேட் கொடுத்தார்கள். அவர்கள் இருந்த அரை மணி நேரமும் அவள் ஒரு தடவை இருமவில்லை. அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவர்கள் கார் போனதும் வாந்தி எடுக்கிற மாதிரி இருமினாள். "நல்லா சொன்னேனாம்மா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து ஜுரம் இறங்கவில்லை. இன்றைக்கு ஞாயிறு. நாளைக்கு விடிந்ததும் டாக்டரிடம் போய் அந்தப் படத்தை எழுதி வாங்குகிறேன். நீ இருக்கிற இடத்தில் முட்டி போட்டு ஜெபம் பண்ணு. உன்னை அவளிடம் காட்டாமல் வைத்தது என் தப்பு. எழுந்து நடந்தாளானால் அடுத்த வாரமே கூட்டி வருகிறேன்.

மெர்சி


வேலூர் சிறை
26.7.2024

மெர்சி, இதைப் படித்தவுடன் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடு.

பென்னி ஒரு மணியை முழுங்கினாள். அதுதான் அவள் என்னிடம் சொன்ன ரகசியம்.

கிறிஸ்மசுக்கு முன்னால் நீ தண்ணீர் பிடிக்கப் போனபோது உன்னை மாதிரியே தைத்துப் பார்த்திருக்கிறாள். உனக்கு இரண்டு கையும் ஊசிக்கே சரியாகிவிடும், மணியை உதட்டில் கவ்விக்கொள்வாய் அல்லவா? அவளும் கவ்வியிருக்கிறாள். "சிரிப்பு வந்துச்சுப்பா, உள்ள போய்ட்டுச்சு. இருமு இருமுன்னு இருமினேன். அப்புறம் சரியாய்ட்டுச்சு. அம்மாகிட்ட சொன்னா வேலை போய்டும்" என்றாள். நான் சின்ன வயசில் நாலணாவை முழுங்கியவன். இரண்டு நாளில் வந்துவிட்டது. அதே மாதிரி என்று நினைத்து, வாழைப்பழம் சாப்பிடு, வெளியே வந்துடும் என்று சொல்லி அனுப்பினேன். வயிற்றுக்குப் போவது வேறு, மூச்சுக்குழாய்க்குப் போவது வேறு என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் என் தழும்பு வந்தது. நான்தான் கொடுத்தேன் என்று நினைத்த பிறகு வேறு எதையும் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

உன் கடிதம் இன்று காலையில்தான் கைக்கு வந்தது. "நான் ஷூவைக் கேக்கலியே" என்று அவர் கேட்டதாக நீ எழுதிய இடத்தில்தான் அவள் எதை மறைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. போன் போட விட்டார்கள். மூன்று தடவை போட்டேன். போகவில்லை. உன் நம்பர் ஒன்றுதான் என் பேரில் எழுதியிருக்கிறது, வேறு யாருக்கும் போட முடியாது. வார்டர் காலில் விழுந்தேன். அவர் பாவம், தன் கையால் இதைத் தபாலில் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

மணி என்று சொல். பிளாஸ்டிக் மணி என்று சொல். வேலை போனால் போகட்டும்.

ஜோசுவா


மின்னூர்
18.8.2024

கருவாயா,

உன் கடிதத்தை நேற்றுதான் பிரித்தேன். சௌமியாவின் அம்மா வாங்கி அரிசி டப்பா மேல் வைத்திருந்தாள். துக்க வீட்டில் தபாலைக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள். நீ எழுதின தேதியைப் பார்த்தேன். அன்றைக்கு நாங்கள் வேலூரில்தான் இருந்தோம், பெரிய ஆஸ்பத்திரியில். உன் ஜெயிலுக்கு டவுன் பஸ் அந்த வாசலிலிருந்தே போகிறது. நீ போட்ட போன் எனக்கு வரவே இல்லை. உன் நம்பரை பிளாக்கில் போட்டதை எடுக்க வேண்டும் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. கோபம் போன பிறகும் அது அப்படியே கிடந்திருக்கிறது.

அவளை அடக்கம் பண்ணின அன்றைக்கு நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. போலீஸ் வேனில் உன்னைக் கூட்டி வந்தார்கள், அரை மணி நேரம் விட்டார்கள். பெட்டியைப் பார்த்தாய், அவள் காலைத் தொட்டாய், என் பக்கம் திரும்பவே இல்லை. என்னை வெறுக்கிறாய் என்று நினைத்தேன். நீயோ, உன் கடிதத்தை நான் படித்துவிட்டேன், படித்தும் உன்னை மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறாய். நேற்றுதான் புரிந்தது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்றுகொண்டிருந்தோம்.

நடந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

திங்கட்கிழமை காலையிலேயே அவளுக்கு உதடு நீலமாகிவிட்டது. ஆம்பூர் டாக்டர் பார்த்ததும் நூற்றெட்டு வண்டியை வரவழைத்து அனுப்பிவிட்டார். அந்த இன்னொரு எக்ஸ்ரேவுக்கு நேரமே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். பலகையோடு அவளை ஒரு பெரிய வளையத்துக்குள் அனுப்பினார்கள். நான் கனமான அங்கி போட்டுக்கொண்டு காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த டாக்டரம்மா என்னை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா, மூச்சுக்குழாய் ரெண்டா பிரியுது. வலது பக்கம் போற வழியில ஒரு வட்டம் தெரியுதா? இது நோய் இல்ல. வெளியிலேருந்து போனது. நடுவுல ஓட்டை இருக்கு. மணி மாதிரி."

"எக்ஸ்ரேல இல்லியே மேடம், ரெண்டு வாட்டி எடுத்தோம்."

"காசுன்னா, ஊசின்னா எக்ஸ்ரேல பளிச்சுன்னு தெரியும். பிளாஸ்டிக் தெரியாது. ஓட்டை வழியா காத்து போய்க்கிட்டிருந்ததால இவ்ளோ நாள் தாங்கியிருக்கா. இப்போ சளி அந்த ஓட்டையை அடைச்சிருச்சு. எப்ப முழுங்கினா, தெரியுமா?"

எனக்குத் தெரியும் கருவாயா. அந்த வட்டத்தைப் பார்த்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அந்த அளவு மணி கிறிஸ்மஸ் ஆர்டரில் மட்டும்தான் வந்தது, சந்தன நிறம். நான் சொன்னேன், "தெரியாது மேடம்." என் வாய்தான் சொன்னது. நான் சொல்லவில்லை என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? பிப்ரவரியில் ஆம்பூர் டாக்டர் மணியா என்று பெயர் சொல்லிக் கேட்டார். இல்லை என்றேன். ஜூலையில் படத்தையே காட்டிக் கேட்டார்கள். அப்போதும் இல்லை என்றேன்.

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அவளிடம் போனார். முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தது. "பாப்பா, பயப்படாத. மணி ஏதாவது வாய்ல போட்டியா?" என்றார். பென்னி முதலில் என்னைப் பார்த்தாள். "சொல்லு பென்னி, சொல்லலாம்" என்றேன். அவள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். காதை வைத்தேன்.

"இவங்க ஆடிட்டாம்மா?" என்று கேட்டாள்.

அதற்கு மேல் அவளுக்குப் பேச மூச்சு இல்லை. நான்தான் அப்புறம் கத்தினேன், மணிதான், மணிதான் மேடம் என்று. வார்டே திரும்பிப் பார்த்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குழாய் விட்டு அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். சின்ன டப்பியில் போட்டுக் காட்டினார்கள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்கு முன்பே சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஐந்து நாள் மெஷினில் இருந்தாள். சனிக்கிழமை காலையில், வார்டு வாசலுக்கு டீ கேன் வருகிற நேரத்தில், போய்விட்டாள். விசில் இல்லாமல் அவள் மூச்சு விட்டதைக் கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அந்த ஐந்து நாளும் மெஷின் சத்தம்தான் கேட்டது.

உன் தழும்பு அவளை ஒன்றும் செய்யவில்லை. இதை டாக்டரம்மாவிடம் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டேன். "அவருக்கு ஆறிப்போனது அது, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். அஞ்சு மாசம் உன்னைக் கொலைகாரன் மாதிரி நடத்தினேன். நீ அதையும் ஒத்துக்கொண்டாய். ஒரு தடவைகூட நான் இல்லை என்று நீ சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் வேறு பக்கம் யோசித்திருப்பேனோ என்று நினைக்கிறேன். இதையும் உன் தலையில் கட்டுகிறேன் பார். அவள் உன்னிடம் மட்டும் ஏன் சொன்னாள் என்றும் யோசித்தேன். உள்ளே இருக்கிற ஆள், வெளியே யாரிடமும் சொல்ல முடியாது என்று கணக்குப் போட்டிருப்பாள். அவ்வளவு புத்தி அவளுக்கு.

ஹஸன் பாய் வீட்டுக்கு வந்தார். அன்றைக்குச் சாப்பிடாமல் நாலு மணி வரை இருந்தாராம். அந்தப் படத்தை எடுத்திருந்தால், என்று ஆரம்பித்தார். டீ குடிக்காமல் போய்விட்டார்.

முஸம்மில் பாயும் வந்தார். வீட்டில் கிடந்த மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு போனார். நேற்று வந்து வாசலில் நின்றார். "வர்ற வியாழக்கிழமை ஆடிட்டுமா. நம்ம தெருதான். உன் வீடு லிஸ்ட்ல இருக்கு. நீ ஒரு வார்த்தை சொன்னா வேற வீட்டைக் காட்டிடறேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கூடவே பயமும் இருந்தது. நான் வாயைத் திறந்தால் இந்தத் தெருவில் பதினான்கு வீட்டுக்கு வேலை போய்விடும். சௌமியாவின் அம்மாவும் அதில் தைக்கிறவள்தான். அவள்தான் எனக்கு இத்தனை நாள் சோறு கொண்டு வந்து வைத்தாள். அவள் வீட்டில் சின்னது ஒன்று இருக்கிறது, மூணு வயசு, மணி டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு விளையாடும்.

வரட்டும் பாய் என்று சொல்லிவிட்டேன்.

அதே அம்மாதான் வருவார்கள், நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு. உள்ளே வந்ததும் பாயில் யாரும் இல்லாததைப் பார்ப்பார்கள். சாக்லேட் கொண்டு வந்திருப்பார்கள். போன தடவை நல்லாப் பேசினாளே, பாப்பா எங்கே என்று கேட்பார்கள். வெளியே சௌமியாவின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நிற்பாள், இடுப்பில் அந்தச் சின்னதோடு.

நான் இன்னா சொல்லட்டும் கருவாயா?